ஆஸ்டின் கதவில் ஒரே குத்து

அத்தியாயம் ஒன்பது

நைனா முகமது எட்டாவது காரின் கதவை விரல் முட்டியால் தட்டி, காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டான். கணீரென்றது. நல்ல தகரம். ஒன்பதாவது காரிடம் நகர்ந்தான்.

"யோவ்! என்னய்யா பண்றே?" வாட்ச்மேன் ஓடி வந்தார். "காரைத் தொடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கோம்ல?"

"தொடலண்ணே, தட்டுறேன். பொங்கலுக்குப் பானை வாங்கப் போனா தட்டிப் பாக்காம வாங்குவீங்களா?"

"நீயி, காரு வாங்கப் போறே?"

"ஆசைதான். எங்க அத்தா ஒத்துக்க மாட்டேங்குறாரு. காஜிமார் தெருவுல எங்க வீட்டுக்கு முன்னாடி காரை நிறுத்துனா, ஆளுக வீட்டுக்குள்ள போறதுக்கு மாடி வழியாக் குதிக்கணும்."

வாட்ச்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார். நைனா சிரித்தான். பதினோரு மணிக்கு ஏலம் ஆரம்பம். விற்ற கார்கள் சாயங்காலமே லாரி ஏறிப் பம்பாய்க்குப் போய்விடும். தேடுகிற கார் அதற்குள் கிடைக்கவில்லை என்றால், வெளியே வாகை மரத்தடியில் காத்திருக்கும் அன்னக்கொடிக்கு அவன் என்ன பதில் சொல்வான்?

தல்லாகுளத்தில் புதிதாகக் கட்டிய அந்த மாநாட்டு மண்டபம் அதுவரை கட்சி மாநாட்டையும் பெரிய வீட்டுக் கல்யாணத்தையும்தான் பார்த்திருந்தது. பழைய கார்களை வரிசையாக நிறுத்தி ஏலம் விடுகிற கூத்து மதுரைக்கே புதிது. ஜமீன் வீட்டுக் கொட்டகையிலும் மில் முதலாளி வீட்டுப் பின்கட்டிலும் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டிகளுக்கெல்லாம் மெழுகு பூசி, கழுத்தில் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம். வாங்க வந்தவர்கள் முன்வரிசை நாற்காலியில் இந்தி பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்னக்கொடி, நைனா உதவியாளாக வேலை பார்க்கும் மேல மாசி வீதி மாடித் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவனியாபுரத்துப் பெண். மில் வேலைக்குப் போகிறவள். வந்து உட்கார்ந்ததும், "ஒரு கொலைக் கேஸு சார். செய்யாதவன் மேல பழி விழுந்துருச்சு" என்றாள்.

"யார் அந்த அப்பாவி?" என்று கேட்டார் துப்பறியும் கைலாசநாதன்.

"எங்க வீட்டுக் காளை சார். செவலை."

நைனாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "நாலு கால் கட்சிக்காரரா? பீஸு புல்லாத் தருவாரா, வைக்கோலாத் தருவாரா?" என்று கேட்டுவிட்டான். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அது செத்துப்போச்சுண்ணே" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கதை இதுதான். எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பொங்கல். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. செவலையைக் கன்றிலிருந்து வளர்த்தவள் அன்னக்கொடி. அவளையும் அண்ணன் உக்கிரபாண்டியையும் அப்பா முத்துக்கருப்பனையும் தவிர வேறு யாரும் அதன் கிட்டத்தில் போக முடியாது. அன்றைக்கு வாடிவாசலில் இருந்து சீறிப் பாய்ந்த செவலை யாருக்கும் பிடிபடாமல் ஊரைத் தாண்டி ஓடியது. அப்படி ஓடிய மாட்டை வீட்டு ஆள்தான் கயிற்றோடு போய்ப் பிடித்து வரவேண்டும். உக்கிரபாண்டி கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினான். சற்று நேரம் கழித்து ஜனங்கள் போய்ப் பார்த்தபோது, பட்டறைச் சந்தில் அவன் செத்துக் கிடந்தான். மாடு அவன் மேல் குனிந்து நின்றது. கொம்பெல்லாம் ரத்தம்.

ஜல்லிக்கட்டு நாளில், காளைக்குக் கீழே கிடந்த பிணத்தை யார் இரண்டாம் முறை பார்க்கப் போகிறார்கள்? வளர்த்த வீட்டையே கொன்ற மாடு என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வாரமே அப்பா அதை அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து மகளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

"நாலு வருஷமா எங்கப்பா என்னயப் பேரு சொல்லிக் கூப்பிடல சார். நான் தட்டுல சோறு வச்சா, எங்கிட்டோ பாத்துக்கிட்டே சாப்பிடுறாரு. ஊருல என்னய 'அண்ணனத் தின்னவ'ங்கிறாங்க. பொண்ணு பாக்க வாரவுகளும் அதக் கேட்டுட்டு அப்படியே திரும்பிப் போயிர்றாங்க. அதுகூடப் போகட்டும் சார். 'உன் மாடு செய்யல'ன்னு எங்கப்பா வாயால ஒரு வார்த்தை வரணும். அம்புட்டுதான் எனக்கு வேணும்."

"மாடு செய்யலன்னு எத வச்சும்மா சொல்றே?"

"அன்னிக்கு அது இடக்கொம்பு நுனி ஒடிஞ்சு வந்துச்சு சார். சதையில குத்துனா கொம்பு ஒடியுமா?"

கைலாசநாதன் பொடி டப்பாவை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கார்களை மதிப்புப் போட்டே தலை நரைத்த மனிதர் அவர். எது எதில் மோதினால் எது உடையும் என்பது அவருக்குப் பாடம். 'இந்தப் பொண்ணுக்கு நான் சம்பளம் கொடுக்கணும் நைனா' என்று அப்புறம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவனியாபுரத்தில் விசாரித்ததில், பட்டறைச் சந்து முனையில் அன்று பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஒரு விஷயம் சொன்னாள். ரப்பர் பந்தை அமுக்கினால் கத்துமே, அந்தக் காலத்துக் கார் ஹாரன், அந்தச் சத்தம் சந்துக்குள் கேட்டதாம். ஒரே ஒரு தரம். பந்து ஹாரன் வைத்த கார் மதுரையில் எத்தனை இருக்கும்? இருக்கிற அத்தனையும் இன்றைக்கு இந்தக் கூரைக்குக் கீழே வந்து நிற்கிறது. கொம்பு குத்திய தகரத்தில் ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டையை அடைத்து மேலே பட்டி மாவு பூசியிருப்பார்கள். பட்டி பூசிய இடம் தட்டினால் மந்தமாகக் கேட்கும். அதனால்தான் நைனா இந்தப் பானைக்கடை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாவது கார் ஒரு பச்சை ஆஸ்டின். முப்பத்து நாலாம் வருஷத்து வண்டி. டிரைவர் பக்கக் கதவைத் தட்டினான்.

டொப்.

மறுபடியும் தட்டினான். டொப். ஒரு சாண் தள்ளித் தட்டினால் கணீர்.

"சார்!" என்று மண்டபமே திரும்பும்படி கத்தினான்.

கைலாசநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார். "அடேயப்பா" என்றார். "என்ன அருமையான வேலை! என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒட்டு பாத்ததில்ல. கண்ணுக்கும் தெரியல, கைக்கும் தெரியல. காதுக்கு மட்டும்தான் தெரியுது."

காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர். ஓய்வு பெற்ற வக்கீல் சுப்பராமன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து வழியனுப்ப வந்தவர்போல முகம்.

"உங்க வண்டிக் கதவுல எப்பவாவது அடிபட்டிருக்கா சார்?" என்று கைலாசநாதன் கேட்டார்.

"அடியா? சான்ஸே இல்லை. நான் ஓட்டினா சைக்கிள்காரன் முந்திண்டு போவான்."

"பட்டறைக்கு விட்டதுண்டா?"

"ஒரே தடவை. நாலு வருஷம் முன்னாடி, பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கறச்சே பெயின்ட் அடிக்க அவனியாபுரத்துல விட்டேன். பொங்கல் கழிச்சு வந்தது. அதுக்குள்ள எனக்கு முழங்கால் போயிடுத்து. அப்புறம் ஷெட்டைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை."

"கதவோட உள்பக்க அட்டையைக் கழட்டிப் பாக்கணும். அனுமதிப்பீங்களா?"

இதைக் கேட்டதும் ஏல நிர்வாகி பட்டாபிராமன் டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். "சார், சார், என்ன இது? இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த வண்டி மேடைக்குப் போகணும். கழட்டுறது, பிரிக்கிறது எல்லாம் இங்க நடக்காது!"

"பயப்படாதீங்க" என்றான் நைனா. "மறுபடி மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிச்சமானா அதை உங்களுக்கே தந்துர்றோம்."

சுப்பராமன் கைத்தடியைத் தரையில் தட்டினார். "இன்னும் விக்கலை, பட்டாபி. இந்த நிமிஷம் வரைக்கும் இது என் வண்டி. நீங்க கழட்டுங்கோ."

ரெக்ஸின் ஒட்டிய அட்டை சுலபமாகவே வந்தது. கைலாசநாதன் டார்ச்சை உள்ளே அடித்தார். வெளித் தகரத்தில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. விளிம்பெல்லாம் உள்பக்கமாகப் பிதுங்கி இருந்தது. அதன் மேல் வெளியே இருந்து தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். நைனா உற்சாகத்தில் எகிறிக் குதிக்காத குறை. அவர் மட்டும் டார்ச்சை இப்படியும் அப்படியும் அடித்து எதையோ தேடிக்கொண்டே இருந்தார். பிறகு கதவின் அடிப்பள்ளத்தில் கையை விட்டு ஒரு சின்ன மூட்டையை எடுத்தார்.

மஞ்சள் துணி முடிச்சு.

பிரித்தார். விபூதி உதிர்ந்தது. உள்ளே ஒரு ரூபாய்க் காசு. அதோடு, விரல் நீளத்துக்கு ஒரு கொம்பு நுனி. அதில் நீலப் பெயின்ட் இன்னும் உரியாமல் இருந்தது.

"நீலம்!" என்றான் நைனா. "இடக்கொம்புக்கு நீலம், வலக்கொம்புக்குச் சிவப்பு. என் கையாலதான் அடிச்சேன்னு சொல்லுச்சே சார் அந்தப் பிள்ளை! கண்டுபிடிச்சாச்சு சார்! எவனோ பணக்காரப் பய, பட்டறையில நின்ன காரைக் கிளப்பி ஊரைச் சுத்திப் பாத்திருக்கான். உக்கிரபாண்டிய அடிச்சுட்டான். பின்னாடியே வந்த செவலை அவனைக் குத்தப் போயிருக்கு! நான் போயி அன்னக்கொடியக் கூட்டிட்டு வாரேன்."

"நில்லு."

அந்த ஒரு சொல்லில் இருந்த கனம் நைனாவை அப்படியே நிறுத்திவிட்டது. திரும்பிப் பார்த்தான். கேஸ் முடிந்தால் முகம் மலர்கிற மனிதர், இழவு வீட்டு வாசலில் நிற்பவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடு. ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்லு."

"என்ன சார் சொல்றீங்க? கையில வெண்ணெய வச்சுக்கிட்டு..."

"உனக்கு எத்தனை ஓட்டை தெரிஞ்சுது?"

"ஒண்ணு."

"ஜல்லிக்கட்டுக் காளை. கண்ணு முன்னாடி வளத்தவனை அடிச்சுப் போட்டாச்சு. அந்தக் கோவத்துல ஒரு குத்தோட நிறுத்துமா?"

நைனா யோசித்தான். "நிறுத்தாது. கதவு சல்லடையாகிருக்கணும். ஒருவேளை கொம்பு ஒடிஞ்ச வலியில..."

"வலிச்சா மூர்க்கம் கூடத்தான் செய்யும். அது நின்னதுக்கு வேற காரணம் இருக்கு. அந்த நிமிஷம் கதவு தொறந்திருக்கு. உள்ள இருந்தவன் இறங்கியிருக்கான்."

"இறங்கியிருந்தா குடலை உருவியிருக்கும் சார்."

"உருவலையே! உசுரோட இறங்கி, காரைப் பட்டறைக்குக் கொண்டுபோயி, ஓட்டையை அடைச்சிருக்கான். கண்ணாடி ஏத்தின காருக்குள்ள இருக்கிற ஆளோட வாடை மாட்டுக்குத் தெரியாது நைனா. கதவு தொறந்தப்பதான் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதும் நின்னுருக்கு." கைலாசநாதன் மஞ்சள் துணியைக் காட்டினார். "எவனோ பணக்காரப் பயன்னா இந்தக் கொம்பை வைகையில வீசியிருப்பான். இது காணிக்கை முடிச்சு. சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டு முடிஞ்சது. முடிஞ்சதைத் தூக்கிப் போடவும் மனசு வரல, வீட்டுல வைக்கவும் தைரியம் இல்ல. இப்ப சொல்லு. யாரைப் பாத்தா அந்த மாடு நிக்கும்?"

"அதான் அன்னக்கொடி சொல்லுச்சே. மூணே பேருதான். அந்தப் பிள்ளை, அவங்க அண்ணன், அப்புறம் அவங்க அப்..."

அன்னக்கொடியின் அப்பா கார்ப் பட்டறையில் நசுங்கிய தகரத்தைத் தட்டிச் சரிசெய்யும் டிங்கர் என்பதை அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். அவனியாபுரத்தில் எடுத்த இடமெல்லாம் பட்டறை, தடுக்கி விழுந்தால் டிங்கர். அதனால் நைனா அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அதை அவன் இதுவரை வேடிக்கைக்குத்தான் சொல்லியிருக்கிறான்.

"யா அல்லா" என்றான்.

கைலாசநாதன் சுப்பராமன் பக்கம் திரும்பினார். "வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது யார் சார்?"

"பட்டறை டிங்கர். பேர் கேட்டுக்கலை. விசித்திரமான மனுஷன். வழிச்செலவுக்குக் குடுத்தேன், வாங்கிக்க மாட்டேன்னுட்டான். இந்தக் கதவைத் தொட்டுக் கண்ணுல ஒத்திண்டு போனான். தொழில் பக்தின்னு நினைச்சேன்."

வாட்ச்மேன் நடுவில் புகுந்தார். "அந்தப் பெரியவரா? பார்வைக்கு வச்ச நாள்ல இருந்து தினமும் ஒருத்தர் வந்து இந்தக் காருகிட்ட மட்டும் நிக்காரு சார். வேற எதையும் ஏறெடுத்துப் பாக்குறதில்ல. இன்னிக்கும் வந்திருக்காரே. அதோ, தூணுகிட்ட."

தூணில் சாய்ந்து ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். ஒடுங்கிய கன்னம், காக்கி டிராயருக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, தகரம் அறுத்து அறுத்துத் தழும்பேறிய கைகள். அவர் கண்கள் கைலாசநாதன் கையிலிருந்த மஞ்சள் துணியிலேயே நிலைகுத்தி இருந்தன. ஓடிவிடுவார் என்று நைனா நினைத்தான். அவர் ஓடவில்லை. மெதுவாக நடந்து வந்து முன்னால் நின்றார்.

"பிரிச்சுட்டீங்களாய்யா?" என்றார்.

"பிரிச்சுட்டோம், முத்துக்கருப்பன்."

"எம் மக கூட்டிட்டு வந்துச்சா?"

கைலாசநாதன் பதில் சொல்வதற்குள் மேடையில் மணி அடித்தது. ஏலம் ஆரம்பம். அந்தச் சத்தம் கேட்டுப் பதறிப்போய்த்தான் வெளியே இருந்த அன்னக்கொடி உள்ளே ஓடி வந்திருக்க வேண்டும். வந்தவள் கூட்டத்தில் நைனாவைத் தேடினாள். அவனுக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்துத் திகைத்தாள்.

"அப்பா? நீங்க எங்க இங்கிட்டு?"

நைனா குறுக்கே போய் நிற்கப் பார்த்தான். அதற்குள் அவள் கொம்பைப் பார்த்துவிட்டாள். பாய்ந்து வந்து கைலாசநாதன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"சார்! இது செவலை கொம்பு! நான் அடிச்ச நீலம் சார் இது!" அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது, வாய் சிரித்தது. "அப்பா, பாருங்கப்பா! இரும்புலதான் குத்தியிருக்கு. காருலதான் குத்தியிருக்கு. நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல, அது செய்யாது, செய்யாதுன்னு! காருதாம்ப்பா அண்ணனக் கொன்னுருக்கு. செவலை சும்மா இருக்காம கார்க்காரன முட்டியிருக்குப்பா!"

பள்ளிக்கூடத்துக் குழந்தை பரீட்சை மார்க்கை அப்பாவிடம் காட்டுவதுபோல அவள் கொம்பை நீட்டிக்கொண்டு நின்றாள். நைனாவால் அதைப் பார்க்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கேஸ் துப்புக் கிடைக்காமலே போயிருக்கக் கூடாதா என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

"யாரு சார் ஓட்டுனது? ஆளு யாருன்னு தெரிஞ்சுருச்சா?"

கைலாசநாதன் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கசப்பைச் சொன்னவர். இப்போது அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னக்கொடி" என்று கூப்பிட்டார் முத்துக்கருப்பன்.

நாலு வருஷத்துக்குப் பிறகு கேட்ட தன் பேர் அவளை அப்படியே உறைய வைத்தது. கொம்பைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

"உன் மாடு செய்யல."

அவள் கேட்டு வந்தது இந்த வாக்கியத்தைத்தான். ஒரு எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் அதைச் சொன்ன முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி இருக்க அவள் பட்ட பாடு நைனாவுக்கே தெரிந்தது.

"அப்பா... வேண்டாம்ப்பா. சொல்லாதீங்க."

"சொல்லிர்றேன்த்தா. நெஞ்சுக்குள்ள வச்சு வச்சு அழுகிப்போச்சு." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "செவலை பிடிபடாம போயிருச்சுன்னு மைக்குல சொன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல. பெயின்ட் அடிச்சு ரெடியா நின்ன காரக் கிளப்பிட்டேன். ஜெயிச்ச மாட்டுக்கு முன்னாடி காருல போகணும்னு ஒரு கிறுக்குத்தா. சந்து முக்குல ஹாரன் அடிச்சுத் திரும்புறேன், உங்கண்ணன் கயிறும் கையுமா எதுக்க ஓடியாறான். மாட்டக் கண்டு கூப்பிட்டுட்டு, அது பின்னாடி வருதான்னு திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தான். என்னயப் பாக்கவே இல்ல."

மேடையில் முதல் கார் ஏலம் போய்க்கொண்டிருந்தது. "ஒரு தரம்..." என்று மைக்கில் ஒருவர் குதூகலமாகக் கூவினார்.

"அவன் விழுந்ததும் செவலை வந்து கதவுல ஒரே குத்தாக் குத்துச்சு. நான் கதவத் தொறந்து இறங்குனேன். குத்தட்டும்னுதான்த்தா இறங்குனேன். குத்தல. அவங்கிட்டப் போயி, எந்திரிடா எந்திரிடான்னு கொம்பாலயும் மூஞ்சியாலயும் தள்ளிக்கிட்டே இருந்துச்சு. அதுதான் அந்த ரத்தம். ஆளுக சத்தம் கேட்டுச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, காரத் தள்ளிப் பட்டறைக்குள்ள விட்டுட்டேன். திரும்பி வாரதுக்குள்ள ஊரே மாட்டச் சுத்தி நின்னுச்சு. நான் பொய் சொல்லலத்தா. வாயத் தொறக்கல, அம்புட்டுதான்."

அன்னக்கொடி அழவில்லை. கொம்பின் நீலத்தை விரலால் தடவினாள். பிறகு கேட்ட கேள்வி, நைனா எதிர்பார்த்த கேள்வியே இல்லை.

"நீங்க இறங்குனதும் அது என்னப்பா பண்ணுச்சு?"

"மோந்து பாத்துச்சு. பாத்துட்டு, என் கையை நக்குச்சு."

"அதையா லாரியில ஏத்துனீங்க?"

"தினமும் காலையில கொட்டாயில நின்னு என்னயப் பாத்துச்சுத்தா. ஒண்ணுமே தெரியாத மாதிரி பாத்துச்சு. என்னால முடியல. உன்னயப் பாத்தாலும் அதுதான் ஞாபகம் வரும். அதான் உங்கூடப் பேசல. உம்மேல கோவமாத்தான் இருக்கேன்னு நீ நெனச்சே. நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நைனா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுப்பராமன் கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவர்போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பெரிய மனுஷத்தனம்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"தெரியாது. உங்கம்மா ரெங்கம்மாளுக்குத் தெரிஞ்சா, அன்னிக்கே அவளும் போயிருவா."

கைலாசநாதன் அவள் பக்கம் திரும்பினார். "நீ கேட்டது கிடைச்சுருச்சும்மா. இதை வச்சு என்ன செய்யணும்கிறதை நீதான் சொல்லணும். ஊர்க்கூட்டத்துல வச்சுச் சொல்லணுமா, நான் வந்து சொல்றேன். ஸ்டேஷனுக்குப் போகணுமா, கூட வாரேன். உன் மேல விழுந்த பழி இன்னிக்குச் சாயங்காலமே போயிரும்."

அவள் அவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பழி போவதென்றால் எங்கே போகும்? ஒரு தலையிலிருந்து இறங்கி இன்னொரு தலையில் ஏறும். அவ்வளவுதானே பழியின் போக்குவரத்து! அது ஏறப்போகிற தலை நரைத்துப் போய் அவள் எதிரே குனிந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பட்டாபிராமன் நாலு கூலியாட்களோடு வந்தார். வண்டியை மேடைக்குத் தள்ள வேண்டும். கூட்டமும் காரைப் பார்க்க நெருங்கியது. கதவு திறந்து கிடப்பதையும், முத்துக்கருப்பன் கண்ணைத் துடைப்பதையும், அந்தப் பெண் கையில் கொம்போடு நிற்பதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன சார், என்ன பிரச்சனை? அது என்ன?" என்று பட்டாபிராமன் கேட்டார்.

வாட்ச்மேனும் அவளை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, நீ அவனியாபுரம் முத்துக்கருப்பன் மகளா? வில்லாபுரந்தான் எனக்கு. ஜல்லிக்கட்டுல அண்ணனை மாடு குத்திச் செத்துப்போனாரே, அந்த வீடுதானே? இது என்ன கொம்பு?"

சொல்லிவிடு தங்கச்சி, செவலை செய்யலைன்னு சொல்லிவிடு என்று நைனாவின் மனசு கூவியது. அவள் வாயைத் திறந்தாள்.

"ஆமாண்ணே, அந்த வீடுதான். இது எங்க மாட்டுக் கொம்பு" என்றாள், குரல் பிசகாமல். "எங்கண்ணனக் கொன்ன மாடு."

முத்துக்கருப்பன் அப்படியே ஆஸ்டினின் கதவுக்குக் கீழிருந்த மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார். கூலியாட்கள் அவர் எழுந்திருப்பதற்காகக் காத்து நின்றார்கள்.